மார்பகக் கட்டி ஆப்டிகல் ஸ்கேன்: நல்ல பக்கத்திலும் ஹீமோகுளோபின் இறங்குகிறது

அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ எடுப்பவர்களுக்கு மருந்து கேட்கிறதா என்று அண்மை அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும் ஆய்வில் இருக்கிறேன். கட்டியில் மொத்த ஹீமோகுளோபின் குறைந்தால் நல்ல அறிகுறி. ஆனால் கட்டியே இல்லாத மறுபக்க மார்பகத்திலும் அளவு இறங்குகிறது. சிலருக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சரிவு!

கருவி லேபில் நாங்களே கட்டியது. கையில் பிடிக்கும் ப்ரோப், 690, 785, 830 நானோமீட்டர் லேசர்கள், ஒளி மூலத்துக்கும் டிடெக்டருக்கும் 28 மி.மீ. இடைவெளி. முதல் கீமோவுக்கு முன்பு, ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு அளக்கிறோம்.

சிலிக்கோன் ஃபாண்டத்தில் (திசு மாதிரி ஒளியைச் சிதறடிக்கும் போலிக் கட்டை) ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறோம், அளவு அசையவே இல்லை. எனவே கருவி மேல் சந்தேகமில்லை. ப்ரோபை அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி, எடுத்ததும் தோலில் வெளுத்த வட்டம் தெரியும். இப்போது அது தெரியாத அளவுக்கு மெதுவாகத்தான் வைக்கிறோம். மெல்லிய திசு உள்ளவர்களிடம் ஒளி நெஞ்சுத் தசைவரை போய்விடும் என்பதால், அல்ட்ராசவுண்டில் ஆழம் பார்த்து அவர்களை விலக்கியும் பார்த்தாச்சு. சரிவு அப்படியே இருக்கிறது.

என் சந்தேகம் கீமோவால் வரும் ரத்தசோகை மேல்தான். மாதவிடாய் நின்றுபோவதும் சேர்ந்திருக்கலாம். கட்டியின் அளவை மறுபக்க அளவால் வகுத்தால் சரிவு அடங்குகிறது, ஆனால் இரண்டு அளவீடுகளின் இரைச்சலும் சேர்ந்து, மருந்து கேட்டவர் யார், கேட்காதவர் யார் என்றே பிரிக்க முடியவில்லை.

அளக்கும் நாளின் ரத்தப் பரிசோதனை ஹீமோகுளோபின் எங்களிடம் உண்டு. அதை வைத்துத் திருத்துவதா, மறுபக்க விகிதத்தையே வைத்துக்கொள்வதா: செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?