பழைய டப்பா டிவி தெரிந்தவர்கள் கைகொடுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒன்பது படக்குழாய் டிவிகளை அடுக்கி ஒரு கலைப்படைப்பு செய்கிறேன். ஒரு காலத்தில் குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்த பெட்டி, இன்று ஈயம் கலந்த கண்ணாடிக் குப்பை. அதுதான் கரு.

இரண்டில் படம் நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிட்டது. வெர்ட்டிகல் ஐசி (படத்தை மேலும் கீழும் விரிக்கும் சிப்) போயிருக்குமா, சால்டர் (ஈயப் பற்று) விட்டிருக்குமா? அணைத்த பிறகும் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கும், அதனால் நானாகக் கை வைக்கவில்லை.

உள்ளே எல்சிடி பொருத்திவிடு என்கிறார்கள் சிலர். கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் 1988-இல் 1,003 டிவிகளால் எழுப்பிய கோபுரத்தைச் சீரமைத்தபோதே கணிசமான திரைகளை எல்சிடியாக மாற்றினார்கள்தான். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை. அந்த வளைந்த கண்ணாடியும் மெல்லிய 'கீ' சத்தமும் போனால் மிச்சம் என்ன? கோடு விழுந்ததை அப்படியே விட்டுவிடலாமா? பழுது பார்ப்பவர்கள், கலை செய்பவர்கள் இருவருமே சொல்லுங்கள்.