தாத்தாவின் குரல் உள்ள மைக்ரோ கேசட்: சரிசெய்பவர் யாரையாவது தெரியுமா?

தாத்தா போன மாசியில் தவறிவிட்டார். கிண்டியில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு டெட்ராய்ட் போய், கார் ஆலையில் வேலை பார்த்து, அப்புறம் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்தார். அந்தக் கதையை 1994-இல் மைக்ரோ கேசட்டில் பேசி வைத்திருக்கிறார். உறைமேல் நீல மையில், அவர் கையெழுத்தில், ‘பேரப்பிள்ளைகளுக்கு’.

எம்சி-60 வகை. நொடிக்கு 1.2 செ.மீ. வேகத்தில் பதிந்தது. அவருடைய ரெக்கார்டரில் பெல்ட் உருகிப் பிசினாகிவிட்டது. பழைய பிளேயர் ஒன்று வாங்கினேன், அதில் 2.4 வேகம் மட்டும்தான். கணினியில் ஏற்றி வேகத்தைப் பாதியாக்கியதும் தாத்தாவே பேசினார்! முதல் லேத் வாங்கக் கடன் கேட்டு அலைந்ததைச் சொல்லும்போது குரல் இழுத்தது, கிறீச்சிட்டது, நாடா நின்றுவிட்டது. பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புத் தூள். அதோடு தொடவில்லை.

ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் அறுந்தால் பொறுப்பில்லை என்றார். எனக்கு மனம் வரவில்லை.

நான் இருப்பது மயிலாப்பூர். மாசியில் தலைத்திவசம், அதற்குள் பாட்டி கேட்க வேண்டும்.

மைக்ரோ கேசட் நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, டிஜிட்டலாக்கித் தருபவர் சென்னையிலோ பெங்களூரிலோ யாரையாவது உங்களுக்கு நேரில் தெரியுமா?