ஆட்டோவின் பின்னால் இடித்துவிட்டேன்: இன்சூரன்ஸில் தெரிவிப்பதா, கைக்காசில் முடிப்பதா?

தாம்பரத்தான் கேட்கிறார்:

கடந்த வியாழக்கிழமை மாலை, பெருங்களத்தூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில், பேருந்து ஒன்று திடீரென இடப்புறம் ஒதுங்கியதால் எனக்கு முன்னால் சென்ற ஆட்டோ சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தும் கார் நிற்காமல் அதன் பின்புறத்தில் போய் மோதிவிட்டது. வேகம் குறைவுதான். ஆட்டோவின் பின்பக்கத் தகடு சற்று உள்வாங்கியது; என் காரின் முன் பம்பர் பிளந்து, கிரில் உடைந்து, பானட்டின் விளிம்பில் ஓர் ஒடுக்கு விழுந்தது. ஓட்டுநர் முதலில் சத்தம் போட்டாலும், ஓரமாக நிறுத்திப் பேசிய பிறகு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டோவில் இருந்த வயதான அம்மா ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, கம்பில பட்டுது" என்றார்.

கார் 1,197 சி.சி. பெட்ரோல் வண்டி, வாங்கி ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. இதுவரை ஒருமுறைகூட கிளெய்ம் எடுத்ததில்லை என்பதால் நடப்புப் பாலிசியில் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) கிடைத்தது; இரண்டு மாதத்தில் புதுப்பிக்கும்போது அது 50 சதவீதமாகும். மொத்தப் பிரீமியம் ஏறத்தாழ 9,600 ரூபாய் கட்டினேன்; அதில் சொந்தச் சேதத்துக்கான அடிப்படைத் தொகை, போனஸைக் கழிப்பதற்கு முன், 8,000 ரூபாய் என்று பாலிசித் தாளில் இருக்கிறது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப் காப்பைச் சென்ற ஆண்டோடு விட்டுவிட்டேன். பட்டறையில் 14,600 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள்: பம்பரும் கிரில்லும் 6,600, பெயின்ட் வேலை 6,000, ஒடுக்கு எடுப்பதும் கழற்றி மாட்டுவதும் 2,000. பட்டறைக்காரர் கிளெய்ம் போடச் சொல்கிறார், மைத்துனர் வேண்டவே வேண்டாம் என்கிறார். எது சரி? கிளெய்ம் எடுக்காவிட்டாலும் நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டுமா?

மதுரை வண்டிக்காரன்:

ஆண்டுதோறும் தவறாமல் பணம் கட்டுவது இப்படி ஒரு நாளுக்காகத்தானே. போனஸ் போய்விடுமே என்று பயந்து பயந்து கைக்காசைச் செலவழித்தால் பிறகு எதற்குப் பாலிசி? கிளெய்ம் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:

மதுரை அன்பரின் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் பதினாலாயிரம் ரூபாய்ச் செலவுக்காக நாம் பாலிசி எடுப்பதில்லை. வண்டியே அப்பளமாகிவிட்டால் என்ன செய்வது என்பதற்காகத்தான் எடுக்கிறோம். கேட்டவர் எண்களைத் தெளிவாகக் கொடுத்திருப்பதால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில், கிளெய்ம் போட்டால் கையில் என்ன வரும்? ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதிதான் கிடைக்கும். ஆகவே 6,600இல் 3,300 போய்விடும். பெயின்ட் வேலைக்கு மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் அதில் நான்கில் ஒரு பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அந்தப் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். அது 750 ரூபாய். கூலிக்குத் தேய்மானம் இல்லை. 1,500 சி.சி. வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். எல்லாம் போக உங்களுக்கு வருவது 9,550 ரூபாய்.

இனி, எதை இழப்பீர்கள்? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். போனஸ் என்பது சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும் உரியது. பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான தொகையை (உங்கள் வகைக் காருக்கு 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தது 3,416 ரூபாய்) அது தொடுவதில்லை. எனவே 9,600ஐ வைத்துக் கணக்குப் போடாமல் 8,000ஐ வைத்துப் போடுங்கள். மைத்துனரைப் போன்றவர்கள் "ஐம்பது சதவீதம் போய்விடும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். உண்மையில் இழப்பு ஓராண்டோடு முடிவதில்லை. கிளெய்ம் எடுத்தால் வரும் ஆண்டு சுழியத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி, ஆறாவது ஆண்டில்தான் மறுபடி 50ஐத் தொடுவீர்கள். எடுக்காவிட்டால் அத்தனை ஆண்டும் 50தான். ஆண்டுவாரியாக வித்தியாசம் 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம், அதாவது அடிப்படைத் தொகையைப் போல ஒன்றேகால் மடங்கு. உங்களுக்கு 10,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,800. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் சற்றுக் குறையும். அதனால் உண்மையான இழப்பு 11,800ஐ விடக் கொஞ்சம் கீழே நிற்கும். இந்த ஐந்து ஆண்டுகளில் வேறொரு பெரிய விபத்துக்குக் கிளெய்ம் எடுக்க நேர்ந்தால் இப்போது காப்பாற்றிய போனஸும் அன்றோடு போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

9,550 வாங்க ஏறத்தாழ 11,000 இழப்பது என்ற கணக்கில் மைத்துனர் சொல்வதுதான் சரி, நூலிழையில். ஜீரோ டெப் இருந்திருந்தால் 13,600 கிடைத்திருக்கும். அப்போது பட்டறைக்காரர் சரியாகியிருப்பார். ஆனால் பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். அதன் பின்னால்தான் ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நசுங்கியிருந்தாலும் கணக்கு தலைகீழாக மாறிவிடும். உங்கள் வண்டி நான்கு ஆண்டுகளைத் தாண்டி ஐந்துக்குள் இருப்பதால் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானம் 35 சதவீதம்தான்.

கோவை வாசகி:

கணக்கோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடியின் தூணில் காரை உரசிவிட்டு, விவரம் கேட்கலாம் என்றுதான் நிறுவனத்தின் அழைப்பு எண்ணுக்குப் பேசினேன். பேசி முடிப்பதற்குள் கிளெய்ம் எண் ஒன்று குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. செலவு சிறியது என்பதால் நானே பார்த்துக்கொண்டு அதை மறந்தும் போனேன். அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்தில் புதுப்பிக்கப் போனபோது, பழைய நிறுவனத்தின் பதிவில் கிளெய்ம் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி போனஸ் தர மறுத்தார்கள். தொகை எதுவும் பெறாமல் கிளெய்ம் முடிக்கப்பட்டது என்று கடிதம் வாங்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. தொலைபேசியில் பேசாமல், தகவலுக்காக மட்டும் என்று தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புவதே நல்லது. கிளெய்ம் எண் வந்துவிட்டால், வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, முடித்துவிட்டதற்கான பதிலையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று: போனஸோடு முதலில் புதுப்பித்துவிட்டு, பிறகு இந்த விபத்துக்குக் கிளெய்ம் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விபத்து நடந்த நாளின் பாலிசிதான் கணக்கு. போனஸ் பற்றிய உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் புதிய பாலிசியின் சொந்தச் சேதப் பலன் முழுவதும் பறிபோகும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

தம்பி, விபத்துச் சேதத்தை மதிப்பிடுவதே என் வேலையாக இருந்தது; பம்பரைப் பற்றி நண்பர்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டது பம்பர் அல்ல, அந்த அம்மாவின் மணிக்கட்டுதான். அதை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள்.

விபத்தைத் தெரிவிப்பது வேறு, கிளெய்ம் கேட்பது வேறு. பாலிசியின் முதல் நிபந்தனையே விபத்து நேர்ந்தவுடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதுதான். வாசலில் தூணை உரசியதற்கெல்லாம் யாரும் தெரிவிப்பதில்லை, நிறுவனங்களும் கேட்பதில்லை. நானும் அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் ஒருவருக்குக் காயம் என்று வந்துவிட்டால் அது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரமாக மட்டும் நிற்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதையும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் தெரிவிப்பதையும், பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம்பட்டவர், ஓட்டியவர் ஆகிய விவரங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுப்பதையும் ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது. அங்கே ஒன்றுமில்லை என்று சொன்ன கை மறுநாள் காலையில் வீங்கியிருப்பதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். வயதானவர்களின் மணிக்கட்டு எலும்பு சிறிய அடிக்கே விரிசல் விடும். எலும்பு முறிவென்றால் அந்த அம்மா இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக உரிமை உண்டு. அப்படி ஒரு நோட்டீஸ் வரும்போதுதான் நிறுவனம் உங்கள் விபத்தைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட வேண்டுமா? மூன்றாம் நபருக்கான கோரிக்கையால் உங்கள் போனஸ் குறைவதில்லை, ஆகையால் அந்தக் கவலையும் வேண்டாம்.

ஓட்டுநரிடம் கொடுத்த 1,500ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தத் தொகையையும் கொடுக்கவோ, கொடுப்பதாக ஒப்புக்கொள்ளவோ கூடாது என்று பாலிசியில் இருக்கிறது. நெளிந்த தகட்டுக்காக யாரும் தீர்ப்பாயத்துக்குப் போகப்போவதில்லை என்பதால் தெருவோரத்தில் இப்படித்தான் முடிகிறது. கொடுத்ததை மறைக்காமல் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அந்த அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், செலவையும் பாருங்கள், அது உங்கள் கடமை. ஆனால் தவறு முழுவதும் என்னுடையது, இனி வரும் செலவெல்லாம் என் பொறுப்பு என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காவல் நிலையத்தில் 24 மணி நேரம் கடந்துவிட்டதே என்று தயங்காமல், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள்.

தாம்பரத்தான்:

ஐயாவின் பதிலைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டோவின் எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்ததால், மறுநாள் காலை பெருங்களத்தூர் ஸ்டாண்டில் விசாரித்து ஓட்டுநரைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மா அவருக்கு வாடிக்கையாக வருபவராம். வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். மணிக்கட்டு வீங்கித்தான் இருந்தது, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்ததில் முறிவு இல்லை. சுளுக்கு, இரண்டு வாரம் கட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். செலவை நான் பார்த்துக்கொண்டேன். அவருடைய மகன் முதலில் முறைத்தாலும், கிளம்பும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினார். காவல் நிலையத்தில், தாமதமாக வந்ததற்கு இரண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு, ரசீது பெற்றேன். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போயிற்று. கிளெய்ம் எண் எதுவும் இதுவரை வரவில்லை.

பம்பரைக் கழற்றிப் பார்த்தோம், கண்டென்சருக்குச் சேதமில்லை. கைக்காசிலேயே சரிசெய்கிறேன். பட்டறைக்காரர், கிளெய்ம் போட்டால் பழைய கதவுக் கீறலையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம் என்று ஆசை காட்டினார், வேண்டாம் என்றேன். ஒரே ஒரு சந்தேகம்: எக்ஸ்ரே அறிக்கையின் நகலை நான் வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற சர்வேயர்:

அவர்கள் சம்மதித்தால் கேட்டு வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீதோடும் மின்னஞ்சலின் அச்சுப் பிரதியோடும் சேர்த்து வையுங்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் நீங்களும் கூடப் போங்கள்.