தம்பியும் அவர் துணைவரும்: உயில் மட்டும் போதுமா?

ஈசூன் அக்கா
தம்பிக்கு 36 வயது. அவரும் அவருடைய ஆண் துணைவரும் சிங்கப்பூரில் ஒன்றாக வாழ்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் அவர்களை மனதார ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் துணைவரின் நிலை என்ன என்று கவலைப்படுகிறார்கள். உயில் எழுதினால் போதுமா?

மதி
போதாதுங்க. ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவு 2023 ஜனவரி 3 முதல் இல்லை. ஆனாலும் ஒருபால் திருமணம் இங்கே செல்லாது. கணவன் மனைவிக்குத் தானாகக் கிடைக்கும் எதுவும் இவர்களுக்குக் கிடைக்காது. தம்பியே பெயர் குறித்து எழுதிவைக்க வேண்டும்.

முதலில் சிபிஎஃப், அதாவது மத்திய சேம நிதி. அந்தப் பணம் உயிலுக்குள் வராது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அது யாருக்குப் போக வேண்டும் என்று, சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாகத் தனியாக நியமனம் செய்யணும். 21 வயது நிரம்பிய சாட்சிகள் இருவர் வேண்டும், நியமிக்கப்படுபவர் சாட்சியாக இருக்கக்கூடாது. நியமனம் இல்லையென்றால், மணமாகாத, பிள்ளையில்லாதவரின் பணம் (முஸ்லிம் அல்லாதவருக்கு) பெற்றோருக்குப் போகும்.

உயிலிலும் இதே சிக்கல். வீட்டில் ஆள் இல்லையென்று துணைவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். உயிலில் பங்கு இல்லாவிட்டால் அப்பா அம்மாவே சாட்சியாக நிற்கட்டும். நாளைக்குச் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்டால், பெற்றோரின் கையெழுத்தே பதில் சொல்லும்.

கவிதா
மதி சொன்னது இறந்த பிறகு நடப்பது. பக்கவாதம் வந்து பேச முடியாமல் படுத்தால்? அதற்கு எல்பிஏ, அதாவது நம்மால் முடிவெடுக்க முடியாமல் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம். துணைவரை நியமித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவர் அல்லது வழக்கறிஞர் முன்னால் சான்று வாங்கிப் பதிவு செய்யணும். நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்தால்தான் உண்டு. அக்காவை மாற்று நியமனதாரராகப் போடலாம். எல்பிஏ இருந்தாலும் தம்பிக்காகத் துணைவர் உயிலோ சிபிஎஃப் நியமனமோ எழுத முடியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

ஈசூன் அக்கா
நன்றி. வீடு?

மதி
இருவரும் 35 வயது நிரம்பிய குடிமக்கள் என்றால், தனியாட்கள் சேர்ந்து வாங்கும் ஜாயின்ட் சிங்கிள்ஸ் திட்டத்தில் எச்டிபி வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) வாங்கலாம். ஜாயின்ட் டெனன்சி (கூட்டு உரிமை) என்று பதிந்தால், ஒருவர் இறந்ததும் அவர் உரிமை உயிலைத் தாண்டி மற்றவருக்கே சேரும். டெனன்சி இன் காமன் (பங்கு பிரித்த உரிமை) என்றால் அவரவர் பங்கு அவரவர் உயில்படி.

கவிதா
பெற்றோர் மனம்விட்டுப் பேச ஆலோசகர் தேவைப்பட்டால், ஒருபாலீர்ப்பாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆலோசனை தரும் ஊகாசாகா அமைப்பை அணுகலாம்.