அம்மாவுக்கு வாக்கர், தம்பிக்கு பிளேட்: இரண்டுமே இடுப்பெலும்பு முறிவுதானே?

கோத்தகிரி பனி:
அம்மாவுக்கு 67 வயது. போன ஞாயிறு லைன் வீட்டுப் பின்வாசல் படியில் பாசி வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்துவிட்டார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, முன்பக்க இடுப்பெலும்பில் கீறல், ஆபரேஷன் வேண்டாம், வாக்கர் பிடித்து நடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு சித்தப்பா மகன் போன ஜீப் கல்லட்டி இறக்கத்தில் மரத்தில் மோதியது. அவனுக்கும் இடுப்புதான், ஆனால் கோவைக்குக் கொண்டுபோய் பிளேட் வைத்து, மூன்று மாதம் காலை ஊன்றவே விடவில்லை. அம்மாவை ஏனோதானோவென்று பார்த்துவிட்டார்களா? அவரோ முன்னால் இல்லை, பின்னால் வால் எலும்புக்கு மேலேதான் வலி என்கிறார்.

குன்னூர் பிசியோ:
இரண்டும் வேறு வேறு முறிவு. தம்பி ஜீப்பில் முன்சீட்டில்தான் இருந்திருப்பார். வண்டி மோதும்போது முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும், அந்த அடி தொடை எலும்பு வழியாக மேலேறி அதன் உருண்டைத் தலையைப் பின்னால் தள்ள, அது உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் பின்விளிம்பு பெயர்ந்துவிடும். உருண்டை இடம் விட்டு நழுவியிருந்தால் சில மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளியாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ரத்தம் போவது கெடும். பக்கத்திலேயே போகிற நரம்பும் அடிபட்டுப் பாதம் தொங்கிவிடலாம். கிண்ண முறிவை 1964இல் ஜூடே, லெதூர்னெல் என்ற பிரெஞ்சு டாக்டர்கள் பத்து வகையாகப் பிரித்தார்கள், இன்றும் அதுதான் பேச்சு. கிண்ணம் என்பது மூட்டு, உள்ளே இரண்டு மில்லிமீட்டர் மேடு பள்ளம் நின்றாலே பின்னாளில் தேய்மானம் வரும், அதனால்தான் பிளேட்.

அம்மாவுக்கு உடைந்தது மூட்டு இல்லை, இடுப்பு வளையம். கண்ணாடி வளையல் ஒரே இடத்தில் மட்டும் உடைந்து பார்த்திருக்கிறீர்களா? இதுவும் அப்படித்தான், முன்னால் கீறல் என்றால் பெரும்பாலும் பின்னால் திரிகத்திலும், அதாவது வால் எலும்புக்கு மேலே இருக்கிற எலும்பிலும், ஒரு கீறல் இருக்கும், எக்ஸ்ரேயில் தப்பிவிடும். பின்வலி குறையவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் கேளுங்கள். வளையம் அசையாமல் நின்றால் நடக்கச் சொன்னது சரியான வைத்தியம்தான். படுக்கவைத்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். நின்றபடி விழுந்ததற்கே எலும்பு விட்டதால் எலும்பு அடர்த்தியும் பார்த்துவிடுங்கள்.

கூடலூர்க்காரன்:
நான் சில்வர் ஓக் கிளை வெட்டும்போது விழுந்தவன். ஒரு காலில் இறங்கியதால் இடுப்பின் ஒரு பாதி அப்படியே மேலே ஏறிவிட்டது, அந்தக் கால் கட்டையாகத் தெரிந்தது. உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் போயிருக்கிறது, வெளியே ஒரு சொட்டு இல்லை. 108 வந்ததும் ஒரு துணியைச் சுற்றி இறுக்கினார்கள். இடுப்பில் இல்லை, தொடை தொடங்குகிற இடத்தில் பக்கவாட்டில் எலும்பு முட்டிக்கொண்டிருக்குமே, அங்கே. அந்த வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி இறங்கியும் பிழைத்தேன் என்றால் அந்தத் துணிதான்.

தேயிலைத்தோட்டம்:
எண்ணெய் போட்டு நீவி, நாட்டுக்கட்டு போட்டால் சீக்கிரம் கூடுமே அண்ணா?

குன்னூர் பிசியோ:
கையில் கட்டு போடலாம், இடுப்பு வளையத்தை எப்படிக் கட்டுவீர்கள்? நீவுவது வேண்டவே வேண்டாம்.

கோத்தகிரி பனி:
நன்றி. ஆமாம், தம்பி முன்சீட்டில்தான் இருந்தான். நாளைக்கு சி.டி.க்கு ஊட்டி போகிறோம். அம்மாவுக்கு இருக்கிற ஒரே கவலை, அதுவரை கோழிக்கு யார் தீனி போடுவது என்பதுதான்.