வெள்ள நீரில் லிஸ்ட்-100எக்ஸ்: டிரான்ஸ்மிஷன் 9%, துகள் அளவை நம்பலாமா?

வண்டல்:
முசிறியில் காவிரி வெள்ள நீரில் லிஸ்ட்-100எக்ஸ் (லேசர் ஒளிச்சிதறலால் துகள் அளவு காணும் கருவி; சி வகை, 2.5–500 மைக்ரான், ஒளிப்பாதை 5 செ.மீ.) இறக்கி எடுத்த அளவுகள் இவை. கலங்கல் ஏற ஏற டிரான்ஸ்மிஷன் (நீரைக் கடந்து வரும் ஒளியின் பங்கு) 9% வரை இறங்குகிறது, டி50-யும் (நடு துகள் அளவு) கூடவே குறைகிறது. வெள்ளம் ஏறினால் மணல் கூடத்தானே வேண்டும்? கடைசி இரண்டு அளவுப் பிரிவுகள் மட்டும் திடீரென்று எகிறுகின்றன. ஆய்வகத்தின் மாஸ்டர்சைசர் லேசர் கருவியிலோ அதே நீர் இன்னும் நுண்ணியதாக வருகிறது. அறிக்கையில் எதைப் போடுவது?

ஒளிச்சிதறல்:
9%-இல் வந்த டி50-ஐ ஒதுக்கிவிடுங்கள். டிரான்ஸ்மிஷன் சுமார் 30%-க்குக் கீழே போனால், ஒரு துகளில் பட்டுச் சிதறிய ஒளி அடுத்த துகளிலும் பட்டுச் சிதறும். கோணம் விரியும், விரிந்த கோணத்தைக் கருவி சிறிய துகள் என்றே கணக்கிடும்.

பாத் ரிடக்‌ஷன் மாட்யூல் (ஒளிப்பாதையைச் சுருக்கும் கண்ணாடித் துண்டு) மாட்டுங்கள். 5 செ.மீ.யில் 0.09 என்றால் 2.5 செ.மீ.யில் அதன் வர்க்கமூலம், 30%. அது விளிம்பு. 1 செ.மீ.யில் சுமார் 62% கிடைக்கும். ஆகவே பாதையை 80% குறைக்கும் மாட்யூல்தான் இந்த நீருக்குச் சரி. 5 மி.மீ. இடுக்கு வரை போனால் சேறு அடைக்கும், திரள்களும் உடையும். மாட்யூலோடு புது பேக்ரவுண்ட் (சுத்தமான நீரில் எடுக்கும் அடிப்படை அளவு) எடுங்கள், மென்பொருளில் பாதை நீளத்தையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் செறிவு ஐந்தில் ஒரு பங்காகத்தான் காட்டும். தண்ணீர் கலந்து அளப்பது கடைசி வழி: வாளியின் அடியில் மணல் தங்கிவிடும்.

கரையோரம்:
கடைசிப் பிரிவுகளின் எகிறலுக்கு முதலில் பேக்ரவுண்டைப் பாருங்கள். ஒளியுணரியின் உள்வளையங்களில் (பெரிய துகளின் ஒளி விழும் இடம்) அளவு கூடியிருந்தால் கண்ணாடியில் தூசியோ கீறலோ குமிழியோ இருக்கும். வடிகட்டிய நீரை முந்தின இரவே திறந்து வைத்தால் கரைந்த காற்று வெளியேறிவிடும். பேக்ரவுண்ட் சுத்தம் என்றால், அதே நீரை 500 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். அதில் தங்கும் இலைத்தூளும் பருமணலும்தான் கடைசிப் பிரிவில் போய் விழுகின்றன.

களிமண்:
ஆய்வக அளவு தவறில்லை, அது வேறு பொருளின் அளவு. ஆற்றில் களிமண் திரளாக மிதக்கிறது. ஆய்வகத்தில் சேர்க்கும் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் உப்பும் அல்ட்ராசோனிக் அதிர்வும் அதைத் தனித்துகளாக்குகின்றன. படியும் வேகம் வேண்டுமென்றால் ஆற்றில் எடுத்தது. மத்திய நீர் ஆணையத்தின் 0.075, 0.2 மி.மீ. எல்லைகளோடு ஒப்பிட ஆய்வகத்தில் எடுத்தது. படியும் வேகத்தை வைத்து அளவு காணும் பைப்பெட் முறையின் 2 மைக்ரான் களிமண்ணோடு மட்டும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். தட்டையான துகளை லேசர் பெரிதாகக் காண்பதால் களிமண் சதவீதம் குறைந்தே வரும்.

லிஸ்ட் தருவது லிட்டருக்கு இத்தனை மைக்ரோலிட்டர் என்ற கன அளவு. அதை மண்துகளின் அடர்த்தியான 2.65 ஆல் பெருக்கினால் திரளுக்குள் இருக்கும் நீரையும் மண்ணாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். அதே ஆழத்தில், அதே நேரத்தில் பாட்டில் மாதிரி எடுத்து, வடிதாளில் உலர்த்தி எடை போட்டு விகிதம் காணுங்கள். வெள்ளம் ஏறும்போது ஒரு விகிதம், இறங்கும்போது இன்னொன்று.