மறு: ரெபாசிட்டரி – களஞ்சியமா, வைப்பகமா?

நூலகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில், ஆய்வுக் கட்டுரைகளையும் தரவுகளையும் சேமித்து இணையத்தில் பகிரும் டிஸ்பேஸ் மென்பொருளை நிறுவி, திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாணவர்களுக்குப் பயிற்சி. இப்படிச் சேமித்து வைக்கும் இடமான ரெபாசிட்டரிக்குத் தமிழில் என்ன எழுதுவது? அதைவிடப் பெரிய சிக்கல், கட்டுரையையும் அதன் தரவையும் பிணைக்கும் உறவுப்பெயர். தரவுகளை விவரிக்கும் டேட்டாசைட் முறைப்படி, தரவு கட்டுரைக்குத் துணை என்பதைத் தரவின் பக்கத்தில் 'இஸ் சப்ளிமென்ட் டு' என்று குறிக்கிறோம். கட்டுரைப் பக்கத்தில் அதே உறவு, எதிர்த்திசையில், 'இஸ் சப்ளிமென்டட் பை'. இரண்டுக்கும் 'துணை' என்றே போட்டிருந்தேன். சோதித்துப் பார்த்த மாணவி, தன் ஆய்வுக் கட்டுரையை மண் மாதிரி அட்டவணைக்குத் துணையாக்கிவிட்டாள். பிழை அவளுடையதல்ல, என் சொல்லுடையது.

தமிழாசிரியர்:
அம்மா, களஞ்சியம் நெல்லுக்கு உரியது. வைக்கும் இடம் என்ற பொருளில் 'வைப்புழி' இருக்கிறதே! குறள் 226 'பெற்றான் பொருள்வைப் புழி' என்று முடிகிறது. நாலடியாரோ கல்வியைப் பற்றியே 'வைப்புழிக் கோட்படா' என்கிறது. வைத்த இடத்திலிருந்து எவரும் பறிக்க முடியாது என்று பொருள். உழி, உழை, உள் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நிரலாளர்:
ஐயா, பறிக்க முடியாதது சரி. ஆனால் ரெபாசிட்டரியில் வைப்பதே பிறர் எடுத்துப் பயன்படுத்தத்தானே? அப்புறம், திரையில் சிறிய எழுத்தில் 'வைப்புழி' என்று பார்ப்பவர் குழியைத்தான் நினைப்பார். களஞ்சியம் நெல்லோடு நின்றுவிடவில்லை. தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியம் 1954இலேயே வரத் தொடங்கிவிட்டது. நிரல் எழுதுகிறவர்களும் நிரல்களைச் சேமிக்கும் கிட் ரெபாசிட்டரியைக் களஞ்சியம் என்கிறோம்.

தமிழாசிரியர்:
நாலடியாரின் அடுத்த சொற்களையும் படியுங்கள் தம்பி: 'வாய்த்தீயின் கேடில்லை'. கொடுத்தாலும் குறையாது. எவரும் தடையின்றிப் படிக்கலாம் என்னும் உங்கள் திறந்த அணுக்கம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

ஆய்வு மாணவர்:
வைப்பகத்தை யாரும் பேசவில்லையே? சிலர் வங்கிக்கே வைப்பகம் என்று எழுதுகிறார்கள், அதனால் எனக்கும் தயக்கம்தான். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்காவை யாரும் மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்கிறோம். ஸெனோடோ என்ற ஆய்வுத் தரவுத் தளத்தின் பெயரும் பழைய அலெக்சாந்திரியா நூலகத்தின் நூலகர் ஸெனோடோட்டஸ் பெயரிலிருந்து வந்ததுதான். கல்லூரித் தளத்துக்கு வைப்புழி என்று பெயர் வைக்கலாம், பொதுச்சொல்லாகக் களஞ்சியம் இருக்கட்டும்.

நிரலாளர்:
உறவுப்பெயருக்கு என் யோசனை: தரவுப் பக்கத்தில் 'இந்தக் கட்டுரைக்குத் துணை', கட்டுரைப் பக்கத்தில் 'இந்தத் தரவைத் துணையாகக் கொண்டது'. எது எதற்குத் துணை என்பதை வேற்றுமை உருபே காட்டிவிடும். அருகில் டிஓஐ எண் (கட்டுரைக்கோ தரவுக்கோ உரிய நிலையான அடையாள எண்) வந்தால் போதும்.

நூலகர்:
இன்று மாலை அதே மாணவியை மறுபடி உட்கார வைத்தேன். '-க்குத் துணை' என்பதைப் படித்ததும் தரவின் பக்கத்துக்குப் போய்க் கட்டுரையின் டிஓஐயை ஒட்டினாள். உறவுப்பெயர் முடிந்தது. நால்வரில் மூவர் பக்கம் என்பதால் களஞ்சியம் என்று ஏற்றிவிட்டேன்.

தமிழாசிரியர்:
ஏற்றுங்கள் அம்மா, வெள்ளிக்கிழமை நிற்காது. ஆனால் எனக்கு உடன்பாடில்லை என்பதையும் பதிவுசெய்துகொள்ளுங்கள். வேர் பற்றிய மடல் நாளை வரும்.